நத்தை ஓட்டை நொறுக்கும் புழுப்பல்லி

மண்ணுளிப் பாம்புக்கு நிஜமாகவே இரண்டு தலையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. வால் மொட்டையாக இருப்பதால் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். அதை வைத்துப் புதையல், வசியம் என்று லட்சக்கணக்கில் பேரம் பேசுவது சுத்த மோசடி.

தலை எது, வால் எது என்று குழப்புவதில் அதையும் மிஞ்சும் ஓர் உயிரி உண்டு: புழுப்பல்லி. பாம்பும் அல்ல, புழுவும் அல்ல. மண்ணுக்குள் வாழும் ஊர்வன. உடல் முழுக்க வளையம் வளையமாகச் செதில்கள். கண்ணையும் செதில் மூடியிருக்கும். இந்தியாவில் இவை கிடையாது.

பிரேசிலின் வடகிழக்கே, கடலுக்குள் சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி, பெர்னாண்டோ டி நொரோன்யா என்ற எரிமலைத் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கு மட்டுமே வாழ்வது ஆம்பிஸ்பீனா ரிட்லேயி என்ற புழுப்பல்லி இனம். 1887-இல் அங்கே போன தாவரவியலாளர் ஹென்றி ரிட்லியின் பெயர் அது. பிற்பாடு சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராகி, மலாயாவில் ரப்பர் பயிரிடச் சொல்லி விடாமல் நச்சரித்தவரும் இவர்தான். அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

சரி, பல்லிக்கு வருவோம். மண்ணைத் தலையால் முட்டித் தோண்டும் பிராணிக்கு மண்டையோடு கெட்டியாக, குட்டையாக இருந்தாக வேண்டும். பாம்பைப் போல எலும்புகள் நெகிழ்ந்து வாய் அகலத் திறக்க வழியில்லை. முழுசாக விழுங்க முடியாது, கடித்துத்தான் தின்ன வேண்டும். ஆனால் தாடை குட்டையானதால் பற்கள் எல்லாம் கீலுக்குப் பக்கத்திலேயே அமைந்துவிடுகின்றன. பாக்குவெட்டியில் பாக்கை நுனியில் வைத்தால் வெட்டாது, கீலை ஒட்டி வைத்தால் பட்டென்று பிளக்கும், இல்லையா? அதே கணக்கு. போதாததற்கு, கீழ்த்தாடையில் மேலெழும்பி நிற்கும் எலும்பில் பருத்த தசைகள் பற்றி இழுக்கின்றன. விசை கூடினால் வேகம் குறையும். நத்தைதானே, எங்கே ஓடிவிடப் போகிறது?

இதன் உறவினங்களுக்குப் பொதுவாகக் கூரிய பற்கள். எறும்பு, கரையானுக்கு அது போதும். ஓட்டில் அழுத்தினால் கூர்முனை உடைந்துவிடும். ரிட்லேயிக்கு இருப்பவையோ தடித்த, மழுங்கிய பற்கள். நத்தை ஓடு போன்ற கெட்டியான இரையை நொறுக்க ஏற்ற அமைப்பு இது என்று 1984-இல் ஆய்வாளர் கிரெகரி பிரெகில் விளக்கினார்.

1890-இல் விலங்கியலாளர் பூலஞ்சர் இந்த இனத்துக்குப் பெயர் வைத்தார். அதற்கும் பல்லின் கதைக்கும் இடையில் 94 ஆண்டுகள்! இந்த வருடம் கொடுத்த பணத்துக்கு அடுத்த வருடமே பலன் கேட்கும் ஆராய்ச்சி நிதிக்குழுக்களிடம் இதை எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.