"யாரு வந்திருக்கறது?"

ஏற்காட்டுப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றிலிருந்து அந்தப் பெண்ணைச் சேலத்துக்குக் கூட்டி வந்திருந்தார்கள். மலையாளிப் பழங்குடிக் குடும்பம் (பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்). "உடுக்கை அடிச்சுக் கேட்டாச்சுங்க சார். செத்துப்போன அவ அக்காதான் வந்திருக்குது. 'என்னைய யாரும் கேக்கல'ன்னு அழுவுது" என்றார் மாமியார். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

மனநல மருத்துவனான புதிதில் இப்படிப்பட்ட பேச்சை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு மருந்து எழுதியிருக்கிறேன். அது என் தவறு.

பூசாரி என்ன செய்கிறார் என்று பாருங்கள். தாளம் ஏற ஏற, "நீ யாரு? எங்கிருந்து வந்தே? என்ன வேணும்?" என்று விடாமல் கேட்கிறார். வந்தது தன் பேரைச் சொல்ல வேண்டும், குறையைச் சொல்ல வேண்டும், போகிறேன் என்று சத்தியமும் செய்ய வேண்டும். மருமகள் 'நான்' என்று பேசினால் வாயாடி. அவள் மேல் இறங்கியது 'நான்' என்றால் வீடே கைகூப்பிக் கேட்கிறது. 'ஐயும் கிலியும் சவ்வும்' போன்ற மந்திர ஒலிகளுக்கு அகராதியில் பொருள் தேடிப் பயனில்லை. நிறைமொழி மாந்தர் (சொன்னது பலிக்கும் பெரியவர்கள்) ஆணையால் சொல்லும் மறைமொழியே மந்திரம் என்கிறது தொல்காப்பியம். அந்த 'ஆணை' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

பம்பை நின்றதும் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்கு நடக்கிற சாமியாடி நோயாளி அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலும், சமூகம் ஏற்ற சடங்கில் வரும் அருளை நோயாகக் கணக்கிடுவதில்லை. வேண்டாமலே வந்து, பிழைப்பையும் தூக்கத்தையும் குலைத்தால்தான் அது நோய்.

உடுக்கை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. வலிப்பு 5 நிமிடம் தாண்டினால், காய்ச்சலோடு பிதற்றினால், பிள்ளை பெற்ற இரண்டு வாரத்துக்குள் தாய் தூங்காமல் குழந்தையை 'என்னுது இல்ல' என்றால், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சங்கிலியில் மட்டும் கட்டாதீர்கள். 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்திருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசலாம், கட்டணம் கிடையாது.

அந்தப் பெண்ணிடம், "அக்காவை யாரு என்ன கேட்டிருக்கணும்மா?" என்றேன். அரை மணி நேரம் பேசினாள், தன் குரலிலேயே. மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தேன். இரண்டு முறை பாதியில் நிறுத்திவிட்டாள். மூன்றாம் முறை பூசாரியையும் கூட்டி வரச் சொன்னேன். நான் கேட்டுக்கொண்டபடி, அவர் திருநீறு பூசி, "டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் மாத்திரைய விடக்கூடாது. இது சாமி வாக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.