பிள்ளை பிரதமரை எதிர்த்துப் பேசினால், முதலில் காரணத்தைக் கேளுங்கள்

தமிழக-கேரள எல்லையில், கம்பத்திலும் குமுளியிலும் பதின்வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிற மனநல ஆலோசகர் நான். பரீட்சை பயம், போன், காதல், வீட்டுச் சண்டை என்று பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது வழக்கம். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "எந்நேரமும் அரசியல்தான் மேடம், மோடியையே எதிர்த்துப் பேசுறா, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்கிறார்கள். ஒரு தலைவரை எதிர்ப்பது மனநலப் பிரச்சினை இல்லை, ஆதரிப்பதும் இல்லை. நான் சரிசெய்து அனுப்ப வேண்டிய கோளாறு எதுவும் அதில் கிடையாது. அந்தப் பிள்ளை எதனால் எதிர்க்கிறது என்று வீட்டில் ஒருவராவது உட்கார்ந்து கேட்டார்களா என்பதுதான் என் கவலை, பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா ஜீப் ஓட்டுகிறார், விடியற்காலையில் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். அம்மா அதே ஜீப்பில் ஏலக்காய் பறிக்கப் போகிறவர். அப்பாவுக்குப் பிரதமரைப் பிடிக்கும், வீட்டுக்கு காஸ் இணைப்பு மோடி அரசின் உஜ்வாலா திட்டத்தில்தான் வந்தது, அதை அவர் மறக்கவில்லை. மகள் சாப்பாட்டு நேரத்தில் எதிர்த்துப் பேசப்போய், அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோக, அன்றைக்கு ராத்திரியே அவளுடைய போன் பீரோவுக்குள் போய்விட்டது.

எதிர்ப்பதற்கான காரணங்களை எழுதிக்கொண்டு வா என்றேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம்பர் போட்டு எழுதி வந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது நீ பார்த்ததா, படித்ததா, வாட்ஸ்அப்பில் வந்ததா என்று குறிக்கச் சொன்னேன். இந்த ஒரு வேலையிலேயே பட்டியலே மாறிப்போனது. அவர் உடை, அவர் பேசுகிற விதம் என்று எழுதியிருந்ததை அவளே அடித்தாள். "இதெல்லாம் காரணம் இல்ல மேடம், கோவத்துல எழுதுனது."

பதினைந்து லட்சம் அப்படியே நின்றது. 'எல்லார் கணக்கிலும் 15 லட்சம் போடுகிறேன் என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்' என்று எழுதியிருந்தாள், ஃபார்வர்டில் வந்தது. சரி, அவர் என்ன பேசினார் என்று தேடிப் பார் என்றேன். 2013 நவம்பரில் சத்தீஸ்கர் தேர்தல் கூட்டத்தில் மோடி பேசியது, வெளிநாட்டில் பதுக்கிய கறுப்புப் பணம் மொத்தமும் திரும்பி வந்தால் ஒவ்வொரு ஏழைக்கும் 15, 20 லட்சம் சும்மாவே கிடைக்கும் என்பது. அதைத் தேர்தல் பேச்சுதான் என்று 2015-ல் அமித் ஷாவே ஒதுக்கித் தள்ளினார். இரண்டையும் படித்துவிட்டு, 'கணக்கில் போடுகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் கேட்கிறவர்கள் அப்படி நம்பும்படி பேசினார்' என்று திருத்தி எழுதினாள். எதிர்ப்பு குறையவில்லை, ஆனால் இனி அப்பா "அவர் அப்படிச் சொல்லவே இல்ல" என்றால் அவள் திணற வேண்டியதில்லை.

அவள் கண்ணால் பார்த்த காரணம் ஒன்றே ஒன்று. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் அறிவித்தபோது அவள் இரண்டாம் வகுப்பு. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகள்தான், தோட்டத்துக் கூலியோ முழுக்கக் கையில் ரொக்கம். அம்மா வேலையை விட்டுவிட்டு பேங்க் வரிசையில் நின்றதும், அண்ணாச்சி கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கியதும் அவளுக்கு நினைவிருக்கிறது. பிறகு வளர்ந்து படித்திருக்கிறாள்: செல்லாத நோட்டில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்கே திரும்பிவிட்டது என்று ரிசர்வ் வங்கி சொன்னது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அந்த நடவடிக்கை செல்லும் என்றது, நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியது எல்லாம். "கோர்ட்டு செல்லும்னு சொல்லிருச்சு மேடம், அதையும் எழுதிட்டேன். ஆனா எங்கம்மா நின்னது நின்னதுதானே?" பதினாறு வயதில் தனக்கு எதிரான தகவலையும் சேர்த்து எழுதுகிற நேர்மை எத்தனை பெரியவர்களுக்கு வரும்!

மணிப்பூரும் பட்டியலில் இருந்தது. 2023 மே 3-ல் கலவரம் தொடங்கியது, பிரதமர் அங்கே போனது 2025 செப்டம்பர் 13-ல். இவ்வளவு நாள் ஏன் போகவில்லை என்பது அவள் கேள்வி. அப்புறம், செய்தியாளர் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை என்று ஒரு வரி. 2019 மே 17-ல் அமித் ஷாவோடு செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்தும், அவர் கேள்வி எதற்கும் பதில் சொல்லவில்லை, அதைத்தான் சொல்கிறாள்.

அந்தப் பட்டியலை அவளையே அப்பாவிடம் வாசித்துக் காட்ட வைத்தேன். நடுவில் பேசக் கூடாது என்று மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். நோட்டு சமாச்சாரம் வந்ததும் ஆள் அமைதியாகிவிட்டார், அந்த மாதம் ஜீப்புக்கு டீசல் போடவே காசில்லாமல் நின்றது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு காஸ் இணைப்பைப் பற்றி அவர் சொன்னார், விறகு அடுப்புப் புகையில் தன் அம்மா இருமியதைச் சொன்னார், மகள் கேட்டுக்கொண்டாள். அவர் கட்சி மாறவில்லை, இவளும் மாறவில்லை. பீரோவிலிருந்து போன் வெளியே வந்தது.

அம்மாவின் பிரச்சினை வேறு, அது வெறும் பயம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் குமுளி ரோடு அடைபட்டு, மேலே தோட்டத்துக்குப் போன நம் பெண்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மறக்கவில்லை. இங்கே அரசியல் என்றாலே கூலி போகும், அடி விழும் என்று நினைக்கிற அம்மாக்கள் அதிகம், அதிலும் கேரளப் பக்கம் காலேஜ் பிள்ளைகள் கொடி பிடிப்பதைப் பார்த்தால் இன்னும் பதறுவார்கள். அவர்களுக்கு நான் சட்டத்தைச் சொல்கிறேன். பிரதமரை விமர்சிப்பது குற்றம் இல்லை, பேச்சுரிமை ஓட்டு வயதுக்குக் காத்திருப்பதும் இல்லை. பள்ளியில் தேசிய கீதம் பாட மாட்டோம் என்று மரியாதையாக எழுந்து மட்டும் நின்ற மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளி வெளியேற்றியது. 1986-ல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்காக எதையும் போடலாம் என்று அர்த்தமில்லை. மிரட்டல், மதவெறுப்பு, ஆபாசமாக மாற்றிய படம், இதெல்லாம் வழக்காகும், வயது 18-க்குக் கீழே என்றாலும் சிறார் நீதி வாரியம் வரை போகும். இதைப் பிள்ளைக்கும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

தங்களுக்குப் பிடிக்காத தலைவரைப் பிள்ளை திட்டினால் கைதட்டி, ரீல்ஸ் எடுத்துப் போடுகிற பெற்றோரையும் பார்க்கிறேன். அதுவும் கெடுதல்தான், அந்தப் பிள்ளை அடுத்த கைதட்டலுக்காகக் குரலை உயர்த்துமே தவிர காரணம் தேடாது. கட்சிக்காரர்கள் பிள்ளைகளை மேடையில் ஏற்றக் கூப்பிட்டால் விடாதீர்கள். பிரசாரத்தில் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையமே 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

என்னைப் போன்றவர்களிடம் எப்போது கூட்டி வர வேண்டும்? ராத்திரி தூக்கமில்லாமல் செய்தியை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தால், சாப்பாடு குறைந்தால், மாற்றுக் கருத்துள்ள பழைய சிநேகிதர்கள் எல்லாரையும் வெட்டிவிட்டால், ஒரு மதத்தையோ சாதியையோ மொத்தமாக வெறுக்கத் தொடங்கினால், போட்ட பதிவுக்கு வந்த மிரட்டலை மறைத்துக்கொண்டு தனியாகப் பயந்துகொண்டிருந்தால் கூட்டி வாருங்கள். கீழே இறங்கி வர வசதி இல்லாத தோட்டத்துக் குடும்பங்கள் 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது, தமிழிலும் பேசலாம், எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.