டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஒரு நட்சத்திரக் குறி

வைஃபை ரவுட்டர் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தார் டெஸ்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். முதல் பக்கத்திலேயே அக்ரெடிடேஷன் முத்திரை, அதாவது ஆய்வகத்தின் தகுதியை வெளி அமைப்பு ஒன்று சோதித்து ஏற்றதற்கான அடையாளம், இருந்தது. இருந்தும், சான்றளிக்கும் அமைப்பு கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது. ஏன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். 18 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலான அளவீடுகளின் அடியில் ஒரு நட்சத்திரக் குறி. பொடி எழுத்தில், இந்தச் சோதனை எங்கள் ஸ்கோப்பில் இல்லை என்று போட்டிருந்தது. ஸ்கோப் என்பது, எந்தெந்தச் சோதனைகளுக்கு அந்த ஆய்வகத்துக்கு அக்ரெடிடேஷன் உண்டு என்ற பட்டியல்.

5 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கும் ரவுட்டரை அமெரிக்காவில் விற்க வேண்டுமானால், வேண்டாத உமிழ்வுகளை (தன் அலைவரிசைக்கு வெளியே கசியும் ரேடியோ அலைகளை) 40 ஜிகாஹெர்ட்ஸ் வரை அளந்து காட்டச் சொல்கிறது அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி. அந்த ஆய்வகத்தின் ஸ்கோப் 18-ஓடு நின்றிருந்தது. அளவீடு தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அதை அளக்கும் தகுதி அவர்களுக்கு இருக்கிறதா என்று வெளியார் யாரும் சோதிக்கவில்லை, அதுதான் குறை. சோதனையை வேறிடத்தில் மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

ஏன் 18-ஓடு நின்றது? நானும் ஓர் ஆய்வகத்தில் தரப் பொறுப்பில் இருந்தவன் என்பதால் எனக்குக் காரணம் தெரியும். அக்ரெடிடேஷனுக்கு விண்ணப்பக் கட்டணம், ஆண்டுக் கட்டணம், அசெசர்கள் (ஆய்வகத்தை நேரில் சோதிக்கும் மதிப்பீட்டாளர்கள்) வந்து தங்கும் நாட்களுக்கான செலவு எல்லாம் உண்டு. ஸ்கோப்பில் சோதனைகள் கூடக் கூட அசெசருக்கு நாளும் கூடும். 40 வரை போக வேண்டுமென்றால் தனி ஹார்ன் ஆன்டெனா, ப்ரீஆம்ப், கேபிள்கள் வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் காலிப்ரேஷன் (கருவி சரியாகக் காட்டுகிறதா என்ற ஒப்பீடு), அப்புறம் அளவில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்று சொல்லும் அளவீட்டு நிச்சயமின்மைக் கணக்கு. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வரும் வேலைக்கு இவ்வளவா என்று சிறிய ஆய்வகம் யோசிக்கும். அக்ரெடிடேஷனைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்து ஸ்கோப்பிலிருந்து சில வரிகளை வெட்டினோம்.

அதற்காகக் கட்டாய அக்ரெடிடேஷனே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முன்பு எஃப்சிசியிடம் ஆய்வகங்கள் தங்கள் சோதனைக் கூடத்தின் விவரத்தை எழுதிக் கொடுத்துப் பட்டியலில் சேர்ந்துகொள்ளலாம். 2014 இறுதியில் வந்த உத்தரவு அந்த வழியை மூடியது. சான்றிதழுக்கான சோதனையை, ஆய்வகங்களின் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025-இன்படி அக்ரெடிடேஷன் பெற்ற ஆய்வகமே செய்ய வேண்டும் என்றார்கள். மாறிக்கொள்ளக் கொடுத்த அவகாசம் 2017 ஜூலையில் முடிந்தது. இந்தியாவில் தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான கட்டாயச் சோதனை, சான்றளிப்புத் திட்டமான எம்டிசிடிஇ-யிலும், மத்திய அரசின் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் (டிஇசி) ஏற்ற ஆய்வகத்தின் அறிக்கைதான் செல்லும். ஐரோப்பாவில் நிலைமை வேறு. ரேடியோ கருவிகளுக்கான சட்டத்தில், ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஒத்திசைந்த தரங்களை முழுமையாகப் பின்பற்றும் தயாரிப்பாளர், கருவி விதிகளுக்கு இணங்குகிறது என்று பெரும்பாலும் தானே அறிவிப்புக் கொடுத்துவிடலாம். இந்த வேறுபாடு தெரியாமல், ஒரு நாட்டுக்கு எடுத்த ரிப்போர்ட்டை எல்லா இடத்திலும் நீட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆய்வகத்திடம் காசு வாங்குபவரே அதை மதிப்பிடலாமா என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அக்ரெடிடேஷன் அமைப்புகள் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கே ஐஎஸ்ஓ/ஐஇசி 17011 என்ற தரம் இருக்கிறது. ஆய்வக அக்ரெடிடேஷன் அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐலாக் வழியே 2000-இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் தொடங்கி, அவை ஒன்றை ஒன்று சோதித்தும் வருகின்றன. என் அனுபவத்தில் காசுக்காகக் கண்ணை மூடிக்கொண்ட அசெசர் எவரும் இல்லை. எனக்கு உறுத்துவது கட்டணம் அமைக்கப்பட்டிருக்கும் விதம். ஸ்கோப் விரிந்தால் செலவு ஏறும் என்றால், சிறியவர்கள் சுருக்கத்தான் செய்வார்கள். ஏற்கெனவே தகுதி நிரூபித்த ஆய்வகம் அதே துறையில் ஸ்கோப்பில் ஒரு வரி சேர்க்கும்போது அசெசர் நாட்களைக் குறைக்கலாம் என்று பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன்.

அதுவரை கவனம் தயாரிப்பாளரிடம்தான் இருக்க வேண்டும். ஆய்வகத்தின் அக்ரெடிடேஷன் சான்றிதழோடு இணைப்பாக வரும் ஸ்கோப் ஆவணத்தை அக்ரெடிடேஷன் அமைப்பின் தளத்தில் பெரும்பாலும் இலவசமாகவே பார்க்கலாம். உங்களுக்கு வேண்டிய தரத்தின் எண், பதிப்பு ஆண்டு, அலைவெண் எல்லை மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று வரிவரியாக ஒப்பிடுங்கள். அந்தச் சான்றிதழ் எந்தத் தேதிவரை செல்லும் என்றும் பாருங்கள். ஸ்கோப்புக்கு வெளியே செய்வது எது, வேறு ஆய்வகத்துக்கு அனுப்புவது எது என்று சாம்பிளைக் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். நல்ல ஆய்வகம் இதற்குக் கோபப்படாது.

அந்த ரவுட்டர்காரர்கள் இப்போது கொட்டேஷன் கேட்கும் மடலிலேயே ஸ்கோப் நகலையும் கேட்டுவிடுகிறார்கள்.