ரிசர்வ் சைட்டில் தோட்டம்: மண்ணைக் கொத்தும் முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு லே-அவுட்டுகளில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் காலியிடம் பல நேரங்களில் ரிசர்வ் சைட்தான். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்த இடம்தான் ரிசர்வ் சைட். விதி அவ்வளவுதான். அங்கே தோட்டம் போட அனுமதி கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

மாநகராட்சிக்குக் கொடுக்கும் மனுவில் "சமுதாயத் தோட்டம்" என்று எழுதாதீர்கள். தோட்டக்கலைத் துறைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால், இடம் மாநகராட்சியுடையது என்று திருப்பி அனுப்புவார்கள். "ரிசர்வ் சைட்டைப் பூங்காவாகப் பராமரிக்க அனுமதி" என்று எழுதி, காய்கறிப் பாத்திகளைப் பூங்கா வரைபடத்துக்குள் காட்டுங்கள்.

அதற்கும் முன்னால், அங்கீகரிக்கப்பட்ட லே-அவுட் வரைபடத்தில் அந்த இடத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "பூங்கா" என்றிருந்தால் தைரியமாகக் கேட்கலாம். "பொது உபயோகம்" என்றிருந்தால் நாளைக்கே தண்ணீர்த் தொட்டியோ அங்கன்வாடியோ வரலாம். உங்கள் முருங்கையை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

அடுத்து, பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு, லே-அவுட் அங்கீகாரத்துக்கு முந்தைய ஆண்டிலிருந்து வில்லங்கம் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா? பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதையும் தனியாகப் பாருங்கள். மக்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பத்திரம் மாநகராட்சிக்கு வந்திருக்கும், பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். அவர் வாரிசுகள் அந்தப் பட்டாவைக் காட்டி மனையாக விற்றுவிடுவார்கள். நீங்கள் இரண்டு வருசம் தண்ணீர் ஊற்றி வளர்த்த இடத்தில் ஒருநாள் ஜேசிபி நிற்கும். ஆகவே முதல் மனுவிலேயே பட்டாவை மாநகராட்சி பெயருக்கு மாற்றக் கேளுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று பெங்களூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

வடவள்ளி, சரவணம்பட்டி, குறிச்சி மாதிரி 2011-ல் கோவை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் "பழைய ஃபைல் இல்லீங்க" என்பார்கள். வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை" என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். வரைபட நகல், தானப் பத்திர எண், பட்டா நகல் என்று ஆவணங்களை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதே மனுவை நகர ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். வரைபடத்தை அங்கீகரித்தது அவர்களாக இருந்தால் நகல் அங்கே இருக்க வேண்டும்.

பூங்கா அனுமதி கேட்கும் மனு குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் போகட்டும். ஏழு பேர் இருந்தால் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். வருடக் கணக்குத் தாக்கல் விட்டுப்போனால் அதையே காரணம் காட்டித் திருப்புவார்கள். மனுவை மண்டல அலுவலகத்தில் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஆணையருக்கும் ஒரு பிரதி கொடுத்து, இரண்டுக்கும் தேதியோடு சீல் வாங்குங்கள்.

வேலி, ஆழ்துளைக் கிணறு, நடைபாதைக்கு, மாநில அரசின் "நமக்கு நாமே" திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். பொறியாளர் மதிப்பீடு கையில் வரும் முன் வசூலைத் தொடங்காதீர்கள். காண்ட்ராக்டர் கையில் கொடுக்கும் ரொக்கம் பங்களிப்புக் கணக்கில் ஏறாது. வங்கி வரைவோலையாகவே கட்டுங்கள். கட்டியதெல்லாம் மாநகராட்சிச் சொத்து என்பதை எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இடத்தைக் காப்பாற்றப் பிள்ளையார் கோயில் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வேண்டாம். பூட்டுப் போட்ட கேட், சங்க அறை, கோயில் மூன்றுமே ஆக்கிரமிப்பு என்றுதான் எழுதப்படும். பிறகு உங்கள் மனுவை, இடத்துக்கு உரிமை கோரும் எதிர்த்தரப்பு உங்களுக்கு எதிராகவே காட்டும். குடிநீர்க் குழாயிலிருந்து செடிக்கு இணைப்பு எடுப்பதும் அப்படித்தான்.

அனுமதி கிடைத்தால் எழுத்தில் வாங்குங்கள். சர்வே எண், நாலுமால் (நாலு பக்க எல்லை), எத்தனை ஆண்டு, மின் கட்டணம் யார் கட்டுவது, விளைச்சல் யாருக்கு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆணையர் மாறினால் வாய்மொழி அனுமதி அன்றோடு முடிந்தது.