கலர் பிளைண்ட்னஸ்: குருடா, மயக்கமா?

விமானி ஆகும் ஆசையோடு மருத்துவத் தேர்வுக்குப் போகிற பிள்ளைகளைக் கலங்க வைக்கும் சொல் இது. கண்ணாடி போட்டிருப்பவர்கள் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. கண்ணாடியுடனோ இல்லாமலோ ஒவ்வொரு கண்ணுக்கும் தூரப்பார்வை 6/9 (இயல்பான கண் 9 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது), இரு கண்ணும் சேர்ந்து 6/6 (இயல்பான பார்வை) இருந்தால், தொழில்முறை விமானிக்கு வேண்டிய முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்குப் போதும் என்பதுதான் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் அளவு. ஆனால் நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் அதைக் கண்ணாடி தீர்க்காது.

ஆங்கிலச் சொல்லில் 'பிளைண்ட்' இருக்கிறதே என்று நாமும் 'நிறக்குருடு' என்று ஆக்கிக்கொண்டோம். பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் இதை ஜான் டால்டன் பெயரால் அழைக்கிறார்கள். அணுக்கொள்கை தந்த அதே டால்டன்தான். பகலில் வான்நீலமாகத் தெரிந்த ஜெரேனியம் பூ, மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவருக்குச் சிவப்பாகத் தெரிந்தது. உடன்பிறந்தவருக்கும் அப்படியே. 1794-ல் மான்செஸ்டரில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர்மம் நீல நிறமாக இருக்கும் என்பது அவர் ஊகம்; இறந்த பிறகு அறுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். 1844-ல் பார்த்தபோது அது பளிங்குபோல் தெளிவாக இருந்தது. காப்பாற்றி வைத்த கண்ணிலிருந்து 1995-ல் மரபணுவை ஆராய்ந்த பிறகே உண்மை தெரிந்தது: பச்சை ஒளியை உணரும் கூம்புச் செல்லுக்குரிய மரபணு அவரிடம் இல்லை.

ஆக, டால்டன் நிறமே காணாதவர் அல்லர். ஒரு நிறம் இன்னொன்றாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இந்தக் குறை உள்ள பெரும்பாலோர் நிலையும் இதுவே. இதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: மயக்கம். ஒன்று இன்னொன்றோடு கலந்து வருவதைத் திணை மயக்கம், உருபு மயக்கம் என்கிறோமே, அதே மயக்கம். எனவே 'நிறமயக்கம்' என்பதே பொருந்தும் என்பேன். பையனைக் கூப்பிட்டு 'நீ குருடு' என்று சொல்லும் கொடுமையும் இதில் இல்லை.

விமானத்தில் இந்த மயக்கம் ஆபத்து. தரையிறங்க வரும்போது ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக எரியும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரியான உயரம்; நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்ந்துவிட்டோம். இறக்கை விளக்குகளில் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரவில் எதிரே தெரியும் விமானம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை இவற்றை வைத்துத்தான் அறிவார்கள்.

புள்ளிகளுக்குள் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் இஷிஹாரா அட்டையில் தவறியவுடன் கனவு முடிந்தது என்று அழ வேண்டாம். வானூர்தி விளக்குகளின் நிறங்களைச் சரியாக இனங்கண்டு சொல்லிவிட்டால் தகுதி உண்டு என்று அதே பன்னாட்டு விதி சொல்கிறது. ஆனால் பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள்.

பயன்பாடு: 'அவருக்குச் சிவப்பு-பச்சை நிறமயக்கம் உண்டு.' எந்த நிறமுமே தெரியாத மிக அரிய நிலைக்கு மட்டும் 'முழு நிறக்குருடு' இருக்கட்டும்.