எச்செவேரியா: பெயரும் பொருளும்

ரோசாப்பூப் போல இலைகளே அடுக்கடுக்காக விரியும் எச்செவேரியாச் செடியைப் பலர் கள்ளி என்கிறார்கள், சிலர் கற்றாழை என்கிறார்கள். இரண்டும் பொருந்தாது.

பெயர் ஓர் ஓவியருடையது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெக்சிகோவின் தாவரங்களை வரைந்த அத்தனாசியோ எச்செவெரியாவின் நினைவாக, 1828இல் தாவரவியலாளர் தெ கந்தோல் இந்தப் பேரினத்துக்கு இப்பெயரை இட்டார். அந்தக் குடும்பப் பெயர் பாஸ்கு மொழியில் 'புது வீடு' என்று பொருள்படும். 'எக்கெவேரியா' என்று ஒலிப்பது பிழை. நம் 'ச்ச' மூலப்பெயரின் ஒலியை அப்படியே தருகிறது.

இத்தகைய செடிகளின் ஆங்கிலப் பெயரான 'சக்குலன்ட்' என்பதற்கு வேர் லத்தீனில் சாற்றைக் குறிக்கும் சொல். தமிழில் 'சதைப்பற்றுள்ள தாவரம்' என்பது வழக்கு. ஆனால் சப்பாத்திக்கள்ளி நீரைத் தண்டில் சேமிக்கிறது, எச்செவேரியா இலையில் சேமிக்கிறது. ஆகவே 'சதையிலைச் செடி' என்பதே துல்லியம். விளிம்பு சேலைக் கொசுவம்போல் மடிந்த வகைகளைக் 'கொசுவச் சதையிலை' எனலாம். இதன் குடும்பத்தில் நமக்குப் பழக்கமானது ரணகள்ளி. பெயரில்தான் கள்ளி, நீர் இருப்பதோ இலையில்.

நீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் தாகமும் தெரியும். அடியிலைகள் தொய்ந்து சுருங்கினால் தண்ணீர் ஊற்றலாம். மஞ்சளாகிக் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, தொட்டதும் உதிர்ந்தால் நீர் மிகுந்துவிட்டது, வேர் அழுகத் தொடங்கியிருக்கும். அடியில் ஓரிரு இலைகள் காகிதம்போல் காய்வது முதுமைதான். 3 முதல் 5 மி.மீ. கல்துகள் இரண்டு பங்கு, மட்கு உரம் ஒரு பங்கு, அடியில் துளையுள்ள தொட்டி: இவை போதும். மண் முழுக்க நனைய ஊற்றி, முழுக்கக் காயவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். நடுக்குருத்தில் நீர் தேங்கினால் அங்கேயே அழுகும். மாவுப்பூச்சி ஒளிவதும் இலையிடுக்குகளில்தான்.

சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் நிறமியால் வருபவை. நல்ல வெளிச்சமும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால் நிறம் ஏறும். வெளிச்சம் குறைந்தால் செடி பச்சையாகித் தண்டு நீளும்; நீண்ட தண்டு மறுபடி குறுகாது. நிழலில் இருந்ததைத் திடீரென வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும், இரண்டு வாரமாவது படிப்படியாக நகர்த்துங்கள். இலைமேல் உள்ள வெண்பூச்சு மெழுகு. துடைத்தால் அந்த இலையில் திரும்ப வராது.

சிறிய வகைகளில் அடி முறியாமல் திருகி எடுத்த இலையை மூன்று நாள் காயவைத்து மண்மேல் கிடத்தினால் அடிமுனையில் குட்டி வரும். பெரிய கொசுவ வகைகளின் முழு இலைகள் பெரும்பாலும் வேர்விடாமலே வாடும். அவற்றின் பூந்தண்டில் இருக்கும் சிற்றிலைகளை எடுத்துப் பாருங்கள். இன்னும் உறுதியானது தலைவெட்டு: 3 செ.மீ. தண்டோடு தலையை வெட்டி, வெட்டுவாய் ஒரு வாரம் காய்ந்தபின் நடுங்கள். அடிக்கட்டையைப் பிடுங்கிவிடாதீர்கள், பக்கக்கன்றுகள் அதில்தான் கிளம்பும்.