கேத் லேபில் எக்ஸ்ரே டோஸைக் குறைப்பது எப்படி?

ஆஞ்சியோகிராம் எடுக்கும் அறையில், அதாவது கேத் லேபில், டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லாரும் கனமான காரீய ஏப்ரன் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை, கண்ணுக்குத் தனிக் கண்ணாடி. நடுவில் மேசையில் படுத்திருப்பவருக்கு மட்டும் எந்தக் கவசமும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று நோயாளிகள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதிலைப் பிடித்துக்கொண்டு போனால், இந்த அறையில் கதிர்வீச்சு எங்கிருந்து வருகிறது, யார் மேல் விழுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்பதெல்லாம் விளங்கிவிடும்.

மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக கதீட்டர் என்ற மெல்லிய குழாயை இதயம் வரை கொண்டுபோவதுதான் இந்தச் சிகிச்சைகளின் அடிப்படை. மார்பைத் திறப்பதில்லை. அதனால் உள்ளே நடப்பதைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டியிருக்கிறது. 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கையிலிருந்த சிரை வழியாகத் தானே ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டார். அது இதயத்தை எட்டியதா என்று பார்க்க அவர் நடந்து போனது எக்ஸ்ரே அறைக்குத்தான். 1977இல் சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாக இதயத் தமனி அடைப்பைப் பலூனால் விரித்தபோதும் எக்ஸ்ரே திரைதான் வழிகாட்டியது. இன்று ஸ்டென்ட் (அடைப்பை விரித்த இடத்தில் வைக்கும் வலைக்குழாய்), பேஸ்மேக்கர், அப்லேஷன் (துடிப்புக் கோளாறை உண்டாக்கும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்வது), வால்வு பொருத்துவது என்று வேலை பெருகிவிட்டது. சில கேஸ்கள் மணிக்கணக்கில் நீள்கின்றன. எக்ஸ்ரே ஓடும் நேரமும் கூடவே நீள்கிறது.

கருவியின் அமைப்பு எளிமையானது. வளைந்த ஒரு பெரிய கை. அதன் ஒரு முனையில் எக்ஸ்ரே குழாய், மறுமுனையில் படத்தைப் பிடிக்கும் டிடெக்டர். பெரும்பாலும் குழாய் மேசைக்கு அடியில் இருக்கும், டிடெக்டர் நெஞ்சுக்கு மேலே. கதிர் முதுகு வழியாக நுழைந்து, மார்பைக் கடந்து, டிடெக்டரை எட்டுகிறது. எட்டுவது மிகச் சிறிய பங்குதான். மற்றதில் பெரும்பகுதியை உடல் உறிஞ்சிக்கொள்கிறது. கொஞ்சம் திசை மாறி வெளியே தெறிக்கிறது.

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். நோயாளியின் நெஞ்சின் மேல் ஏப்ரனைப் போர்த்தினால் பயன் இல்லை. கதிர் வருவது கீழேயிருந்து. முதுகுக்கு அடியில் வைத்தால் டாக்டருக்கு இதயமே தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. நோயாளி இந்த மேசைக்கு வாழ்நாளில் சில முறைதான் வருவார், வருவதால் அவருக்கு நேரடிப் பலனும் உண்டு. டாக்டரும் நர்ஸும் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு நாள்தோறும் அங்கே நிற்பவர்கள். கவசம் அவர்களுக்குத் தேவை. நோயாளிக்குத் தேவை வேறொன்று: கதிரையே குறைவாகப் பயன்படுத்துவது.

சரி, டாக்டர் நேர்க்கதிரின் பாதையில் நிற்பதில்லையே, அவருக்கு எப்படி டோஸ், அதாவது கதிரின் அளவு, விழுகிறது? மூடுபனியில் வண்டியின் விளக்கைப் போட்டால், வெளிச்சம் நேராகப் போகாமல் சுற்றிலும் பரவுகிறது அல்லவா? கதிர் விழும் நோயாளியின் உடலும் அப்படித்தான் எல்லாப் பக்கமும் கதிரைச் சிதறடிக்கிறது. அறையில் இருப்பவர்கள் மேல் விழுவது பெரும்பாலும் இந்தச் சிதறல்தான். ஒரு மீட்டர் தள்ளி நிற்பவர்மேல் விழும் சிதறல், நோயாளியின் தோலில் விழுவதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது இத்துறையினர் மனக்கணக்காக வைத்திருக்கும் எண்.

இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்குள் போகும் கதிர் குறைந்தால், அறையில் சிதறும் கதிரும் அதே அளவுக்குக் குறையும். நோயாளியின் நலனும் ஊழியரின் நலனும் இங்கே மோதுவதே இல்லை.

ஆபத்து இரண்டு வகை. ஒன்று தோலுக்கு. கதிர் நுழையும் இடத்தில், அதாவது முதுகில், டோஸ் மிக அதிகம். ஒரே இடத்தில் 2 கிரே (திசு உறிஞ்சும் கதிரை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் விழுந்தால் சில மணி நேரத்தில் தோலில் சிவப்பு தோன்றிப் பிறகு மறையலாம். 3 கிரே வாக்கில் முடி தற்காலிகமாக உதிரலாம். 15 கிரேக்கு மேல் போனால் ஆறாத புண்ணாகி அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1994இல் இதுகுறித்து ஒரு பொது எச்சரிக்கையே வெளியிட்டது. சாதாரண ஆஞ்சியோகிராமில் இந்த அளவெல்லாம் வராது. பல மணி நேரம் போராடித் திறக்கும் நாள்பட்ட முழு அடைப்பு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்யும் சிகிச்சை போன்றவற்றில்தான் கவலை.

இரண்டாவது, வருங்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுவது. ஒரு ஆஞ்சியோகிராமுக்கு உடல் முழுவதற்குமான கணக்கில் சராசரியாக 7 மில்லிசீவெர்ட் (கதிரால் உடலுக்கு வரக்கூடிய பாதிப்பை அளக்கும் அலகு), ஸ்டென்ட் வைப்பதற்கு 15 வாக்கில் என்பது வழக்கமான மதிப்பீடு. கேஸைப் பொறுத்துப் பல மடங்கு மாறும். ஒப்பிட்டுப் பார்க்க, மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் உலகில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட் வருகிறது. மாரடைப்போடு வருபவருக்கு ஆஞ்சியோ தேவையா என்ற யோசனைக்கே இடமில்லை. அடைப்பை விட்டுவைப்பது பல மடங்கு ஆபத்து. குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களின் திசுக்கள் கதிருக்கு எளிதில் பாதிக்கப்படுபவை, முன்னால் நீண்ட ஆயுளும் இருக்கிறது. பிறவி இதயக் குறையோடு பிறந்த குழந்தை இந்த மேசைக்குப் பல முறை வர நேரலாம் என்பதால் அங்கே ஒவ்வொரு நொடியையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

குறைக்கும் வழிகளில் முதலாவது டாக்டரின் காலடியில் இருக்கிறது. பெடலை மிதித்தால்தான் எக்ஸ்ரே வரும், எடுத்தால் நின்றுவிடும். கடைசியாக வந்த படம் திரையில் அப்படியே நிற்கும். அதைப் பார்த்தபடி யோசிக்கலாம், பேசலாம், கதீட்டருக்கு வழிகாட்டும் அடுத்த வயரை எடுக்கலாம். கண் திரையில் இல்லாதபோது கால் பெடலில் இருக்கக் கூடாது. சொல்லும்போது எளிது. ஆனால் கவனம் முழுவதும் விரல் நுனியில் இருக்கும் நேரத்தில் கால் தானாகவே மிதித்துக்கொண்டிருக்கும். ஒரே மாதிரியான கேஸை இரண்டு பேர் செய்தால் டோஸில் பெரிய வித்தியாசம் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். என்னைக் கேட்டால், புதுக் கருவி வாங்குவதற்கு முன்னால் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதற்கு நேரம் செலவிட வேண்டும்.

அடுத்தது துடிப்பு எண்ணிக்கை. இன்றைய கருவிகள் எக்ஸ்ரேயைத் தொடர்ச்சியாக விடாமல் விட்டுவிட்டுத் துடிப்புகளாக அனுப்புகின்றன. நொடிக்கு 30 என்பதை 15 ஆக்கலாம், 7.5 ஆகவும் ஆக்கலாம். பாதியாக்கினால் டோஸ் சரிபாதியாகிவிடும் என்று சொல்ல முடியாது. படம் தெளிவாக இருக்கட்டும் என்று கருவி ஒவ்வொரு துடிப்பையும் சற்று வலுவாக்கக்கூடும். ஆனாலும் குறைவு கணிசமானது. படம் கொஞ்சம் வெட்டி வெட்டி ஓடுவது போலத் தெரியும். கதீட்டரை நகர்த்தும் பல வேலைகளுக்கு அது போதும், கண்ணும் சீக்கிரம் பழகிவிடும்.

பார்ப்பதற்கு மட்டும் ஓடும் படம் ஒன்று, பதிவு செய்து வைப்பதற்கான சினி ஓட்டம் இன்னொன்று. சினியில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் டோஸ் முதலாவதைவிடப் பத்து மடங்கு அல்லது அதற்கு மேலும் இருக்கும். நோயைக் கண்டுபிடிக்க அந்தத் தெளிவு வேண்டும். ஆனால் பலூன் விரிந்தது என்பதற்கு ஆதாரமாக மட்டும் ஒரு படம் வேண்டுமென்றால், திரையில் ஏற்கனவே ஓடியதையே சேமித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது.

கதிர் விழும் சதுரத்தைச் சுருக்குவது எனக்கு மிகவும் பிடித்த உத்தி. அதில் இழப்பதற்கு ஒன்றுமே இல்லை. தேவையில்லாத ஓரங்களை மறைத்தால் உடலில் கதிர் படும் பரப்பு குறைகிறது, சிதறலும் குறைகிறது. சிதறல்தான் டிடெக்டரில் விழுந்து படத்தை மங்கலாக்குவது என்பதால், படமும் தெளிவாகிவிடுகிறது. பெரிதாக்கிப் பார்ப்பது இதற்கு நேர்மாறு: அந்த இடத்துத் தோலுக்கு டோஸ் கூடும்.

மேசையின் உயரமும் முக்கியம். குழாயிலிருந்து தோல் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 50 செ.மீ. தூரத்தில் இருக்கும் முதுகை 70 செ.மீ.க்கு உயர்த்தினால், அதே கதிருக்குத் தோலின் டோஸ் ஏறக்குறைய பாதியாகிவிடும். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. டிடெக்டரை மட்டும் நெஞ்சை ஒட்டி இறக்கிவிட வேண்டும். உயரம் குறைவான டாக்டர் தன் வசதிக்காக மேசையைத் தாழ்த்தினால் நோயாளியின் முதுகு குழாயை நெருங்கிவிடுகிறது. அவருக்கு ஒரு படி போட்டுக்கொடுத்தால் போதும்.

கோணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கருவியின் கையைச் சாய்த்துவிட்டால் கதிர் கடக்க வேண்டிய உடலின் தடிமன் கூடுகிறது. சுமார் 3 முதல் 4 செ.மீ. கூடினாலே டோஸ் இரட்டிப்பாக வேண்டியிருக்கும். பருமனானவர்களுக்கு டோஸ் கூடுவதும் இதனால்தான். டிடெக்டரை நோயாளியின் இடப்பக்கமாகச் சாய்த்தால் கீழே குழாய் வலப்பக்கம், அதாவது டாக்டர் நிற்கும் பக்கம் வந்துவிடுகிறது. சிதறல் மிக அதிகமாக இருப்பது கதிர் நுழையும் பக்கத்தில்தான் என்பதால், அந்தக் கோணத்தில் டாக்டர் வாங்கும் டோஸ் பல மடங்கு ஏறும். அந்தக் கோணம் இல்லாமல் சில தமனிக் கிளைகளைப் பார்க்க முடியாது. பார்த்த கையோடு மாற்றிவிட வேண்டும். நீண்ட கேஸில் கோணத்தை இடையிடையே கொஞ்சம் மாற்றினால் முதுகில் ஒரே இடம் வாங்கும் டோஸும் பிரிந்துவிடும்.

இதையெல்லாம் பின்னாலிருந்து இயக்குவது கருவியின் தானியங்கிக் கட்டுப்பாடு. டிடெக்டருக்குப் போதிய கதிர் வரவில்லை என்றால் அது தானாகவே வலுவைக் கூட்டும். எக்ஸ்ரே ஓடும்போது டாக்டரின் கை படத்துக்குள் நுழைந்தால் கையும் ஒரு தடைதான், கருவி கதிரைக் கூட்டிவிடும். பாதுகாப்புக்காகக் காரீயக் கையுறை போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: கருவி இன்னும் கூட்டும், கையுறையின் பலன் கரைந்துபோகும், நோயாளியின் முதுகும் சேர்ந்து வாங்கும். கையைக் கதிரின் பாதைக்கு வெளியே வைத்திருப்பதற்கு மாற்றே கிடையாது.

அப்புறம் கவசங்கள். அரை மில்லிமீட்டர் காரீயத்துக்குச் சமமான ஏப்ரன் சிதறலில் 95 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். அதன் எடையை வருடக்கணக்கில் சுமந்து முதுகுவலி, கழுத்துவலியோடு வாழும் இதய டாக்டர்கள் நிறையப் பேர். அதைவிடக் கவனம் தேவைப்படுவது ஏப்ரன் மறைக்காத தலையும் கண்ணும். நோயாளியின் வலப்பக்கம் நிற்கும் டாக்டருக்கு இடப்பக்கத் தலைதான் அதிகம் வாங்கும். கண் வில்லையில் கதிர்வீச்சால் வரும் புரை, நினைத்ததைவிடக் குறைந்த டோஸிலேயே வருகிறது என்று தெரிந்ததும், சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் கண்ணுக்கான ஆண்டு வரம்பை 150 மில்லிசீவெர்ட்டிலிருந்து 20ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. கூரையிலிருந்து தொங்கும் காரீயக் கண்ணாடித் திரையை நோயாளியின் உடலை ஒட்டி இழுத்து வைத்தால் தலை, கண் இரண்டுக்கும் பாதுகாப்பு. பல அறைகளில் அது மூலையில் ஒதுக்கப்பட்டுக் கிடப்பது வேதனையான விஷயம். மேசைக்கு அடியில் தொங்கும் காரீயத் திரை கால்களைக் காக்கிறது. சினி ஓடும்போது நர்ஸ் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கினால் அவர் வாங்குவது கால் பங்காகிறது.

டோஸ் அளக்கும் பேட்ஜ் இரண்டு அணிய வேண்டும்: ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் ஒன்று, வெளியே காலரில் ஒன்று. அளவு கூடிவிடுமோ என்று பேட்ஜைக் கழற்றி மேசை இழுப்பில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கேஸில், எந்தக் கோணத்தில் அடி விழுகிறது என்று தெரியவே வழியில்லை.

எக்ஸ்ரேயே இல்லாமல் செய்ய முடியுமா? துடிப்புக் கோளாறுக்கான அப்லேஷனில் இது பல கேஸ்களில் நடந்தேவிட்டது. கதீட்டர் நுனியின் இருப்பிடத்தைக் காந்தப்புலத்தாலோ மின்தடையாலோ கண்டறிந்து இதய அறைகளின் முப்பரிமாண வரைபடத்தைத் திரையில் கட்டுகிறார்கள். இதயத்துக்குள்ளேயே நுழையும் சிறு அல்ட்ராசவுண்ட் கருவியும் துணைக்கு வருகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய வரம். இதயத் தமனிகளில் ஸ்டென்ட் வைக்க மட்டும் எக்ஸ்ரேயை இன்னும் விட முடியவில்லை.

நோயாளியும் செய்யக்கூடியது உண்டு. முன்பு செய்துகொண்ட ஆஞ்சியோ, ஸ்டென்ட், மார்புப் பகுதிக் கதிர் சிகிச்சை எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் அதையும். சிகிச்சை முடிந்ததும் டோஸ் எவ்வளவு ஆனது என்று கேட்டு அறிக்கையோடு வைத்துக்கொள்ளலாம். கருவி அதைத் தானாகவே கணக்கிட்டு வைத்திருக்கும். அந்தக் கணக்கு 5 கிரேயைத் தாண்டியிருந்தால் சில வாரங்கள் முதுகைக் கவனிக்க வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது, வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தோள்பட்டைக்குக் கீழே சதுரமாகவோ வட்டமாகவோ சிவப்பு, அரிப்பு, எரிச்சல் தெரிந்தால் சிகிச்சை செய்த டாக்டரிடமே முதலில் போவது நல்லது. தோல் டாக்டரிடம் போனால், எப்போது இதயச் சிகிச்சை நடந்தது என்பதைச் சொல்லாமல் வரக்கூடாது. கதிர்வீச்சுப் புண் என்று தெரியாமல் சோதனைக்காகச் சதை வெட்டி எடுத்தால், அந்த வெட்டே ஆறாத புண்ணாக மாறிவிடலாம்.